நிற்கும் விமானத்துக்குக் கணக்கு எங்கே?

ஆகாய விமானம் பறக்கும்பொழுது பணம் தேடித் தருகிறது. தரையில் நிற்கும்பொழுது பணத்தைத் தின்கிறது. குத்தகைப் பணம், காப்புறுதி, விமானிகளின் வேதனம், வாங்கிய கடனுக்கான வட்டி ஆகிய யாவும் அது பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதந்தோறும் கொடுபடவேண்டியவை. மாட்டுவண்டி வைத்துப் பிழைத்த நம் பாட்டன்மாருக்கும் இவ்வுண்மை தெரியும். வேலையின்றித் தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கும் வைக்கோல் போடத்தானே வேண்டும்? ஆயினும் இந்நாட்டின் விமான சேவையைப் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பேசியும் எழுதியும் வருகின்ற அரசியல்வாதிகளுள் எவரேனும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டதுண்டா? நமது விமானங்களுள் எத்தனை இன்று பறக்கத் தக்க நிலையில் உள்ளன? பறக்காதவை எத்தனை நாளாக, எக்காரணத்தால் நிற்கின்றன?

கேட்கப்படாத கேள்வி

1947 ஆம் ஆண்டில் தோன்றிய எயர் சிலோன் 1978 இல் மூடப்பட்டது. 1979 இல் எயர் லங்கா பிறந்தது. 1998 இல் எமிரேட்ஸ் நிறுவனம் பங்காளியாக வந்து நிருவாகத்தை ஏற்றது. 2008 இல் அவ்வேற்பாடு முடிவுற்றது. அதன்பின் ஒவ்வோர் அரசாங்கமும் ஒவ்வொரு பணிப்பாளர் சபையை நியமித்தது. 2015 இல் ஒரு விசாரணைக் குழு. 2018 இல் ஜனாதிபதி ஆணைக்குழு. 2013 இல் செய்யப்பட்ட எயர்பஸ் கொள்வனவைப் பற்றிய விபரங்கள் 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்ற ஆவணங்களிலேயே வெளிவந்து நம்மைத் தலைகுனியச் செய்தன. 2019 இல் திறைசேரியின் உத்தரவாதத்துடன் 17.5 கோடி டொலர் கடன்பத்திரம் வெளியிடப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடே தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. விற்பதா, வைத்திருப்பதா என்ற வாதம் 2023 இல் உச்சத்தை அடைந்து, 2024 இன் ஆட்சி மாற்றத்தோடு விற்பனைத் திட்டம் கைவிடப்பட்டது.

இந்த நீண்ட சரித்திரம் முழுவதிலும் யார் தலைவர், யார் வாங்குபவர், யார் தரகர் என்பவையே பேசப்பட்டன. ஊழலை விசாரிப்பது அவசியமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஊழல் அற்ற நிருவாகமும் தன் விமானங்களைத் தரையில் நிறுத்தி வைத்து நட்டத்தில் மூழ்கலாம். விமான சேவை ஒன்றின் உயிர் அதன் பராமரிப்புப் பதிவேட்டில் இருக்கிறது. நாள் நாளாக, மாதம் மாதமாக எழுதப்படும் அப்பதிவுகளை ஒழுங்காக அடுக்கி, அவற்றின் ஏற்ற இறக்கங்களிலிருந்து வருங்காலத்தை உணரும் கலைக்குக் காலத்தொடர் ஆய்வு என்று பெயர். அக்கலையை நம்மவர் பயன்படுத்த வேண்டும். அதன் முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்க வேண்டும். இக்கட்டுரையின் கோரிக்கை இதுவே.

மாதங்களின் வரிசை

காலத்தொடர் என்பது பயங்கரமான கணித மந்திரம் அன்று. ஒரே பொருளை ஒரே அளவுகோலால் இடைவிடாது அளந்து, தேதி வரிசையில் எழுதிவைத்தால் அதுவே காலத்தொடர். அதனுள் மூன்று செய்திகள் கலந்து கிடக்கும். ஆண்டுக்காண்டு ஏறுகின்றதோ இறங்குகின்றதோ என்னும் போக்கு ஒன்று. பருவந்தோறும் திரும்பிவரும் அலை மற்றொன்று. இவ்விரண்டையும் நீக்கியபின் எஞ்சும் ஒழுங்கற்ற அசைவு மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்தறியாது கண்ட கண்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசுபவன், மாரியில் குளம் நிரம்பியதைத் தன் நிருவாகத் திறமை என்றும், கோடையில் அது வற்றியதை எதிர்க்கட்சியின் சதி என்றும் சொல்லுவான்.

இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றென மதிக்கப்படுவது ஜோர்ஜ் பொக்ஸ், குவிலிம் ஜென்கின்ஸ் என்னும் இருவர் 1970 இல் வெளியிட்ட நூலாகும். அதிலே எடுத்தாளப்பட்டுப் புகழ்பெற்ற உதாரணம் விமானப் பயணிகளின் எண்ணிக்கையே. 1949 தொடக்கம் 1960 வரை 144 மாதங்களுக்குச் சர்வதேச விமானப் பயணிகளின் தொகை அங்கே வரிசைப்படுத்தப்பட்டுள்ளது. 1949 ஜனவரியில் 1,12,000 பேர். 1960 ஜூலையில் 6,22,000 பேர். அதே ஆண்டு நவம்பரில் 3,90,000 பேர். ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையே விழுந்த அத்தொகையைக் கண்டு எந்த அறிவாளியும் நிறுவனம் வீழ்ந்துவிட்டது என்று அலறமாட்டான். ஒவ்வோர் ஆண்டும் அவ்வாறே விழுந்து மீண்டும் எழுவதை அவ்வரிசையே காட்டுகிறது.

பயணிகளுக்குப் பருவம் உண்டெனில் பராமரிப்புக்கும் பருவம் இருத்தல் வேண்டும். விமானத்தைப் பிரித்து உள்ளுறுப்புக்களைச் சோதிக்கும் பெரிய பரிசோதனைகள் வாரக்கணக்கில் நடப்பவை. அவற்றை ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும் மாதத்தில் வைப்பது, அறுவடை நாளில் அரிவாளைக் கொல்லனிடம் கொடுப்பது போன்றதாகும். இலங்கைக்கு உல்லாசப் பயணிகள் டிசம்பர் முதல் மார்ச் வரை பெருகி வருகின்றனர். மே, ஜூன் மாதங்களில் குறைகின்றனர். வடநாட்டு நிறுவனங்களோ தம் பெரும் பரிசோதனைகளைக் குளிர்காலத்தில் முடித்துக்கொண்டு கோடையில் பறக்க முயல்வன. ஆகவே நமது மந்தமான மாதங்கள் வெளிநாட்டுப் பணிமனைகளில் நெருக்கடி தணிந்திருக்கும் மாதங்களாகவும் அமையக்கூடும். பல ஆண்டுப் பதிவை முன்வைத்துத் திட்டமிடுபவனுக்கே இச்சாதகம் கைக்கு எட்டும்.

யுத்தகாலப் பாடம்

பராமரிப்புப் பதிவை விஞ்ஞானக் கண்ணால் நோக்கியோர் சாதித்ததற்குச் சிறந்த சாட்சி இரண்டாவது மகா யுத்தகாலத்துப் பிரித்தானியாவிலே கிடைக்கிறது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் பிரித்தானியாவுக்கு உணவும் ஆயுதமும் கொண்டுவந்த கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அவற்றை ஆகாயத்திலிருந்து வேட்டையாடுவது கரையோர விமானப்படையின் கடமை. விமானங்களோ போதவில்லை. புதியன கேட்டால் குண்டுவீச்சுப் படை விட்டுக்கொடுக்கவில்லை. இந்நிலையில், 1941 இல் பௌதிக விஞ்ஞானி பிளாக்கெற் அப்படையில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவை அமைத்தார். 1948 இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே.

அப்பிரிவில் பணிபுரிந்தோருள் பலர் விமானத்துக்கு முற்றிலும் அந்நியமானவர்கள். சிசில் கோடன் பரம்பரையியலை ஆராய்ந்த உயிரியலாளர். பின்னர் அப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய வாடிங்ரனும் உயிரியலாளரே. பூச்சிகளின் பிறப்பையும் இறப்பையும் எண்ணிப் பழகிய அக்கண்களுக்கு, இருந்த விமானங்களிலிருந்தே கூடுதலான பறப்பைப் பெற முடியாதா என்ற கேள்வி எழுந்தது.

அவர்கள் கண்ட முதல் உண்மை இது. எந்த நேரமும் விமானங்களுள் பெரும்பங்கு பறக்க ஆயத்தமாக நிற்க வேண்டும் என்ற விதி அப்படையில் நிலவியது. கேட்பதற்கு இனிய விதி. ஆனால் ஆயத்தமாக நிற்கும் விகிதத்தை உயர்த்துவதற்கு எளிதான வழி விமானத்தைப் பறக்கவிடாமல் வைத்திருப்பதே அல்லவா? பறந்தால் பழுதுபடும், பழுதுபட்டால் விகிதம் குறையும். விதியைக் காப்பாற்றிய தளபதி யுத்தத்தைக் கைவிட்டவனாகிறான். ஆகவே ஆயத்த விகிதத்தை விட்டுவிட்டு, பராமரிப்பாளரின் ஒவ்வொரு மணிநேர உழைப்புக்கும் எத்தனை மணிநேரப் பறப்புக் கிடைக்கிறது என்று எண்ணுமாறு கோடன் வற்புறுத்தினார். ஒரு படைப்பிரிவில் இம்முறை பரீட்சிக்கப்பட்டது. அதன் பறப்பு மணிநேரம் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. புதிய விமானம் ஒன்றுகூட வாங்கப்படவில்லை என்பதை நமது மந்திரிமார் கவனிப்பார்களாக.

இரண்டாவது உண்மை அதைவிட வியப்பானது. ஒவ்வொரு 50 மணிநேரப் பறப்புக்கும் ஒரு முறை விமானத்தைச் சோதிப்பது வழக்கம். சோதனை பயனுடையதாயின் அது முடிந்த கையோடு பழுதுகள் குறைந்தும், அடுத்த சோதனை நெருங்க நெருங்கக் கூடியும் இருக்கவேண்டும். ஆராய்ச்சியாளர் எதிர்பாராது நேர்ந்த பழுதுகளைப் பறந்த மணிநேர வரிசையில் அடுக்கிப் பார்த்தனர். சோதனை முடிந்தவுடன்தான் பழுதுகள் மிக அதிகமாயிருந்தன. நேரம் செல்லச் செல்ல அவை குறைந்தன. சுகமாக ஓடிக்கொண்டிருந்த உறுப்பைக் கழற்றித் திரும்பப் பூட்டுவதிலேயே பல கேடுகள் புகுந்தன. சோதனையின் இடைவெளியை நீட்டி, தேவையற்ற கழற்றல்களை ஒழிக்கும்படி அவர்கள் ஆலோசனை கூறினர். இச்செய்திகள் அடங்கிய வாடிங்ரனின் நூல் யுத்தம் முடிந்தவுடன் எழுதப்பட்டும் இரகசியம் என்ற பெயரால் பூட்டிவைக்கப்பட்டு 1973 இலேதான் வெளிவந்தது. அறிவைப் பூட்டிவைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

மூப்பின் கணக்கு

யுத்தம் முடிந்தபின் பிரயாணிகள் விமானங்கள் பெருகின. எவ்வுறுப்புக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. அது முடியுமுன் பிரித்துப் புதுப்பித்துவிட்டால் பழுது நேராது என்பதே அந்நாளைய நம்பிக்கை. அமெரிக்காவில் 1960 அளவில் விமான நிறுவனங்களும் அரசாங்க அதிகாரிகளும் கூடிப் பதிவேடுகளைப் புரட்டியபோது அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. எத்தனை முறை புதுப்பித்தபோதிலும் சில உறுப்புக்களின் பழுது குறையவேயில்லை. இவ்வாராய்ச்சியின் முடிவுகளை யுனைற்றெட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நோலன், ஹீப் என்னும் இருவர் திரட்டி, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு 1978 இல் அறிக்கையாக அளித்தனர்.

அவர்கள் ஆராய்ந்த உறுப்புக்களுள் மூப்பினால் பழுது கூடுவன நூற்றுக்கு 11 மட்டுமே. எஞ்சிய 89 இல் மூப்புக்கும் பழுதுக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. அவற்றுள்ளும் நூற்றுக்கு 68 என்னும் பெரும்பகுதி, புதிதாகப் பூட்டப்பட்ட ஆரம்ப காலத்திலேயே மிகுதியாகப் பழுதுற்றுப் பின்னர் நிதானப்பட்டன. யுத்தகாலத்து உயிரியலாளர் கண்ட அதே காட்சி! இதன் பயன் யாது? டி.சி.8 என்னும் விமானத்தில் 339 உறுப்புக்கள் குறித்த காலத்தில் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டன, பின்வந்த டி.சி.10 இல் அத்தொகை 7 ஆகக் குறைந்தது. டி.சி.8 இன் உடற்கட்டமைப்பை முதல் 20,000 மணிநேரப் பறப்புக்குள் சோதிக்க 40 இலட்சத்துக்கு மேற்பட்ட உழைப்பு மணிநேரம் செலவாயிற்று. அதைவிடப் பெரிதும் சிக்கலானதுமான போயிங் 747 க்கு 66,000 மணிநேரம் போதுமாயிற்று. இவ்வளவும் பாதுகாப்புக்குப் பங்கம் நேராமலே நிறைவேறியது.

இதைக் கேட்டுச் சோதனையே வேண்டாம் என்று எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. நல்ல வைத்தியர் நாடியை நாள்தோறும் பார்ப்பார். நோயில்லாத வயிற்றைக் கிழித்துப் பார்க்கமாட்டார். அதுபோல, எஞ்சினின் வெளிப்புகை வெப்பம், எண்ணெய் குறையும் அளவு, அதிர்வு ஆகியவற்றை ஒவ்வொரு பறப்பிலும் பதிந்து, அவற்றின் போக்கை நோக்குவதே இன்றைய முறை. வெப்பம் ஒரு நாள் கூடினால் அது காலநிலையாக இருக்கலாம். நாற்பது நாள் சிறிது சிறிதாகக் கூடிவந்தால் எஞ்சினுக்குள் ஏதோ தேய்கிறது. எஞ்சின் கெட்டுப்போய் அயல்நாட்டு விமான நிலையத்தில் விமானம் சிறைப்படுமுன், சொந்தக் கொட்டகையிலேயே ஆறுதலாக அதைக் கழற்றிக்கொள்ளலாம்.

எதை எண்ணுவது?

எண்ணுவது மட்டும் போதாது. எண்ண வேண்டியதை எண்ணவேண்டும். 1952 ஆகஸ்டில் லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே கொமெற் என்னும் ஜெற் விமானம் ஓடத் தொடங்கியபோது நம் பெற்றோர் அதனை அதிசயமாகப் பார்த்தனர். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் அவ்வகை விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடலின் மேல் சிதறி வீழ்ந்தன. ஒரு கொமெற்றின் உடலை நீர்த்தொட்டிக்குள் வைத்துக் காற்றழுத்தம் ஏறி இறங்குவதைப் போலத் திரும்பத் திரும்ப நெருக்கினர். பறந்ததும் தொட்டியில் நெருக்கியதுமாக 3,000 சுற்றுக்கள் அளவில் உலோகம் களைத்து வெடித்தது. உலோகத்தைக் களைப்படையச் செய்தது பறந்த மணிநேரமன்று. ஏறி இறங்கிய தடவைகளே.

1988 ஏப்ரல் 28 ஆம் தேதி ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 இன் கூரை நடுவானில் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அவ்விமானம் 89,680 தடவை ஏறியிறங்கியிருந்தது. தீவுக்குத் தீவு குறுந்தூரம் பறந்தமையால் அதன் மணிநேரக் கணக்கு 35,496 ஆகவே இருந்தது. மணிநேரத்தை மட்டும் பார்த்தவனுக்கு அது நடுவயது விமானம். இறக்கங்களை எண்ணியவனுக்கு அது கிழட்டு விமானம். 2019 இல் திறக்கப்பட்டு, 2020 இல் சேவை நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் விமானம் கண்ட பலாலிக்கும் இக்கணக்குப் பொருந்தும். சென்னை, பலாலி போன்ற குறுந்தூரப் பாதைகளில் ஓடும் விமானத்துக்கு இறக்கங்களின் தொடரே முதன்மையானது. நெடுந்தூர விமானத்துக்கென வகுத்த கணக்கை அதற்குப் பூட்டினால் அது பொய் சொல்லும்.

வராத உதிரிப்பாகம்

இனி உதிரிப்பாகங்களின் கதைக்கு வருவோம். அரிசிக் கடைக்காரனுக்கு நாளை எத்தனை கொத்து அரிசி விற்கும் என்பது ஏறத்தாழத் தெரியும். விமானத்தின் ஒரு வால்வோ ஒரு பம்பியோ அவ்வாறன்று. இருபது மாதம் கேட்பாரில்லை; இருபத்தோராம் மாதம் ஒன்று வேண்டும்; மறு வாரமே மற்றொன்று வேண்டும்; பின்னர் மீண்டும் ஓராண்டு மௌனம். பூச்சியங்களால் நிறைந்த இத்தொடரைச் சாதாரணச் சராசரியால் அளப்பவன் தவறான வேளையில் வாங்குவான். தேவை நேர்ந்த மறுநாள் அவன் கணக்கு எகிறிக் குதிக்கும்; களஞ்சியத்தை நிரப்புவான். காலம் செல்லக் கணக்குப் பூச்சியத்தை நெருங்கும். இனித் தேவையில்லை எனக் கைவிடுவான். அவன் கைவிட்டபின் தேவை வரும்.

இதனை விளக்கி, ஒரு தேவைக்கும் அடுத்த தேவைக்கும் இடையிலுள்ள காலத்தை ஒரு தொடராகவும், தேவைப்பட்ட தொகையை மற்றொரு தொடராகவும் பிரித்து மதிப்பிடும் வழியைக் குறொஸ்ரன் என்பவர் 1972 இல் வெளியிட்டார். பின்வந்தோர் அதிலிருந்த பிழைகளைத் திருத்திச் செப்பனிட்டனர். இன்று இவ்வழிகளை ஒரு சாதாரணக் கணினியிலேயே செய்து முடிக்கலாம். தடையாக இருப்பது கணிதமன்று. நேர்மையான பதிவும், அப்பதிவின்படி நேரத்துக்குப் பணம் ஒதுக்கும் ஒழுங்குமே இல்லாமை.

டொலர் இல்லாத நாட்டில் இக்குறை இரட்டிக்கிறது. களஞ்சியத்தில் பொருள் இல்லாதபோது, நிற்கும் விமானத்தின் உறுப்பைக் கழற்றிப் பறக்கும் விமானத்தில் பூட்டுவது உலகெங்குமுள்ள வழக்கம். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஒரு பூட்டலுக்காக இரண்டு கழற்றலும் இரண்டு பூட்டலும் நடைபெறுகின்றன. கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் பழுதுக்கு வாசல் திறக்கிறது என்பதை யுத்தகாலப் பதிவு நமக்குச் சொல்லிவிட்டது. சிறிது சிறிதாகத் தன் உறுப்புக்களைக் கொடுத்த விமானம் முடிவில் எழும்பவே முடியாத எலும்புக்கூடாகிறது.

எஞ்சின் விஷயத்தில் உலகமே அண்மையில் ஒரு பாடம் கற்றது. பிரட் அன்ட் விற்னி எஞ்சின்களில் உலோகத்தூளிலிருந்து வார்க்கப்பட்ட பாகங்களில் மாசு கலந்திருந்தமை 2023 இல் வெளிவந்தது. அதனால் 2024 முதல் 2026 வரை சராசரி 350 விமானங்கள் தரையில் நிற்குமென அதன் தாய் நிறுவனமே அவ்வாண்டு செப்டெம்பரில் கூறியது. அதற்கு முன்னரே, அதே நிறுவனத்தின் எஞ்சின்கள் வந்து சேரவில்லை என்று குற்றஞ்சாட்டி, இந்தியாவின் கோ பேர்ஸ்ற் நிறுவனம் 2023 மே 2 ஆம் தேதி வங்குரோத்து மனுச் செய்தது. அதே ஆண்டில் ஸ்ரீலங்கன் விமானங்கள் சிலவும் எஞ்சினின்றி நின்றன. குறை உற்பத்தியாளனுடையதாக இருக்கலாம். ஆனால் எத்தனை எஞ்சின் எப்போது கழற்றப்படவேண்டி வரும், பணிமனையில் எத்தனை மாதம் காத்திருக்கும், அதுவரை எத்தனை மாற்று எஞ்சின் கைவசம் வேண்டும் என்பதைத் தன் பதிவிலிருந்து முன்னரே கணித்துவைத்த நிறுவனம் வரிசையில் முன்னே நிற்கும். கணிக்காத நிறுவனம் சந்தையில் கேட்ட விலையைக் கொடுக்கும். அந்த விலையைக் கொடுப்பது யாருடைய பணம்?

மறுப்புக்களுக்கு மறுமொழி

இத்தகைய விபரங்கள் வியாபார இரகசியம்; போட்டியாளர் பயன்படுத்திக்கொள்வர் என்று சொல்வோர் உளர். அமெரிக்காவிலே பெரிய விமான நிறுவனங்கள் நேரந்தவறாமைக் கணக்கை 1987 முதல் அரசாங்கத்துக்கு அளிக்கின்றன. தாமதத்தின் காரணத்தையும் 2003 ஜூன் முதல் வகைப்படுத்திச் சொல்கின்றன. அவை யாவும் அச்சிட்டு வெளியிடப்படுகின்றன. அதனால் அந்நிறுவனங்கள் அழிந்துவிடவில்லை. விமானப்படைகளைப் பாருங்கள். அமெரிக்காவின் அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2022 நவம்பரில் 49 வகை இராணுவ விமானங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. 2011 முதல் 2021 வரையான ஆண்டுகளுள் பெரும்பாலானவற்றில் தமக்கு விதிக்கப்பட்ட ஆயத்த இலக்கை எட்டியவை 4 வகையே; 26 வகைகள் ஓராண்டிலேனும் எட்டவில்லை. சண்டைக்குப் போகும் விமானத்தின் குறையையே ஒரு வல்லரசு தன் மக்களுக்குச் சொல்கிறது. கொழும்பிலிருந்து சென்னைக்கும் லண்டனுக்கும் ஆளேற்றிச் செல்லும் விமானத்தில் அதற்கு மேற்பட்ட என்ன இரகசியம் ஒளிந்திருக்கிறது?

பாமர மக்களுக்கு இவ்வெண்கள் விளங்குமா என்று கேட்கும் உத்தியோகத்தருக்கு நாம் சொல்வது ஒன்று. யாழ்ப்பாணம், பேராதனை, மொறட்டுவ ஆகிய பல்கலைக்கழகங்களில் புள்ளிவிபரவியல் கற்ற வாலிபர்கள் வேலை தேடி நாட்டை விட்டு வெளியேறுகின்றனர். எண்களைத் திறந்து வையுங்கள். வாசிக்க ஆட்கள் உளர். மேலும், பொறியியலாளர் பலருக்கு இவ்வுண்மைகள் நன்கு தெரியும். தெரிந்தும் அவர்கள் எழுதிய குறிப்புக்கள் மேலிடத்து மேசையில் உறங்குகின்றன. தொடர் பகிரங்கமானால் அவர்களது வாய்க்கட்டு அவிழும்.

தமிழருக்கு இதனால் ஆவதென்ன, நமக்கு ஆயிரம் பிரச்சினை இருக்க ஆகாயத்தைப் பற்றிய கவலை எதற்கு என்று நம்மவரே சிலர் கேட்கக்கூடும். நிலமும் மொழியும் உரிமையும் நமது முதற் கவலைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் திறைசேரி உத்தரவாதம் அளிக்கும்போது கிளிநொச்சி விவசாயி வாங்கும் மண்ணெண்ணெய்க்கும், மட்டக்களப்புத் தாய் வாங்கும் பால்மாவுக்கும் இறுக்கும் வரியே ஈடு வைக்கப்படுகிறது. அதிகாரத்தில் பங்கு கேட்கும் சமூகம் கணக்கிலும் பங்கு கேட்கவேண்டும். கணக்குக் கேட்கத் தெரியாதவன் கையில் நாளை மாகாண நிருவாகம் முழுமையாக வந்தாலும் அவனும் அதே பிழையைத் தமிழிலே செய்வான்.

நாம் கோருவது

ஒரேயோர் எண்ணைக் கேட்டு ஏமாறக் கூடாது என்பது கரையோரப் படையின் முதற் பாடம். ஆயத்த விகிதம் ஒன்றையே கேட்டால் விமானத்தைப் பறக்கவிடாது அதை உயர்த்திக் காட்டுவார்கள். தாமதத்தை மட்டும் கேட்டால் பறப்பையே இரத்துச் செய்து தாமதத்தைக் குறைப்பார்கள். ஆகவே ஒன்றையொன்று காவல் செய்யும் ஐந்து தொடர்களைக் கேட்போம். ஒவ்வொரு விமானமும் மாதத்தில் பறந்த மணிநேரமும் இறங்கிய தடவைகளும். தரையில் நின்ற நாட்களும் அவற்றின் காரணமும். பழுதினால் நேர்ந்த தாமதங்களும் இரத்துக்களும். திட்டத்துக்கு வெளியே கழற்றப்பட்ட எஞ்சின்களும் முக்கிய உறுப்புக்களும். உதிரிப்பாகத்துக்காகக் காத்திருந்த நாட்களும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய உறுப்புக்களும். இவற்றை மாதந்தோறும், ஒரே வரையறையில், இடையிலே அளவுகோலை மாற்றாது, கடந்த பத்தாண்டுப் பதிவுடன் சேர்த்து மும்மொழியிலும் வெளியிடவேண்டும். அளவுகோல் மாறினால் தொடர் அறுந்துவிடும். அறுந்த தொடரில் எந்தப் பொய்யும் ஒளிந்துகொள்ளும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அரசுக்கு நூற்றுக்கு 25 பங்கேனும் உள்ள கம்பெனிகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. பாராளுமன்றத்தில் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு இருக்கிறது. கணக்காய்வாளர் தலைமை அதிபதி இருக்கிறார். இல்லாதது கேட்கும் வாய் ஒன்றே. பலாலிக்குப் புதிய பாதை கேட்டு மந்திரியைச் சந்திக்கும் நமது பிரதிநிதிகள், அப்பாதையில் ஓடவேண்டிய விமானம் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதையும் அதே மூச்சில் கேட்கட்டும். வரவு செலவுத் திட்ட விவாதத்தில் விமான சேவைக்குப் பணம் ஒதுக்கும் பிரேரணை வரும்போது, இவ்வைந்து தொடர்களும் சபாபீடத்தில் வைக்கப்படும்வரை தமது வாக்கு இல்லையென அவர்கள் எழுந்து சொல்லட்டும்.